கேமரா வருமுன் ஆற்றில் இருந்தவர்கள்

சிங்கப்பூர் ஆற்றின் பழைய படம் என்றால் பெரும்பாலோர் மனத்தில் எழுவது ஒரே காட்சிதான். வளைந்து கிடக்கும் ஆறு, தண்ணீர் தெரியாதபடி நெருக்கியடித்து நிற்கும் சரக்குப் படகுகள், பின்னால் ஓட்டுக்கூரை போட்ட கடைவீடுகளின் வரிசை. பாடநூல், அஞ்சலட்டை, உணவகச் சுவர் என எங்கும் இதையே பார்க்கிறோம். படகுகளில் இருப்பவர்கள் சீனத் தொழிலாளர்கள். படத்தில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அது ஆற்றின் கதையில் இரண்டாம் பாகம். 1819-இல் ஆங்கிலேயர் துறைமுகத்தைத் தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஓடிய முதல் பாகம் அந்தப் படத்துக்குள் வரவில்லை. அந்த முதல் பாகத்தில் ஆற்றுச் சரக்கை ஏற்றி இறக்கியவர்களில் பெரும் பங்கினர் தென்னிந்தியர்கள்.

அதனால்தான் காலனிக் காலத்துப் படங்களை மறுபடியும் எடுத்து எடைபோட வேண்டியிருக்கிறது. அழகுக்கு மதிப்பெண் போட அவசியமில்லை. அவற்றில் பல அழகானவைதான். சாட்சி என்ற முறையில் ஒவ்வொன்றும் எவ்வளவு தேறும் என்பதே கேள்வி. மூன்று அளவுகோல்களை வைத்துக்கொள்ளலாம். படைத்தவர் எங்கே நின்று பார்த்தார்? எந்த வேலைக்காக, யாருடைய தேவைக்காகப் படைத்தார்? அவர் கையிலிருந்த கருவிக்கு எதைப் பதிய முடிந்தது, எதைப் பதிய முடியவில்லை? இந்த மூன்றையும் கேட்டுவிட்டு, ஆற்றில் உழைத்த மனிதன் படத்தில் இருக்கிறானா என்று பார்த்தால் தீர்ப்புக்கு வழி பிறக்கும்.

முதலில் ஆற்றின் நிலவரம். நீளம் மூன்று கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் சின்ன ஆறு அது. பெரிய கப்பல்கள் வெளியே கடலில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கைப் படகுகள் ஏற்றிவந்து ஆற்றங்கரைக் கிடங்குகளில் சேர்க்கும். தென்கரையிலிருந்த சதுப்பை 1822-இல் மண்கொட்டி மேடாக்கிய பிறகு அங்கே எழுந்ததுதான் போட் கீ. 1860-களில் சிங்கப்பூரின் கப்பல் வணிகத்தில் முக்கால்வாசி அங்கே நடந்ததாகச் சொல்வார்கள். அந்த வணிகம் முழுவதும் ஒரு படகின் மேல்தான் ஏறி இறங்கியது. தொடக்கக் காலத்தில் அந்தப் படகு தொங்கான். அதைத் தள்ளிச் சென்றவர்களில் பெரும்பாலோர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்களும் பிற தென்னிந்தியர்களும். 1860-களுக்குப் பிறகு சீனர்களின் துவாக்காவ் படகுகள் மெல்ல மெல்ல அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. 1983-இல் படகுகள் எல்லாம் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்படும்வரை ஆறு துவாக்காவ்களின் ஆறாகவே இருந்தது. சிங்கப்பூர் ஆற்றின் சமூக வரலாற்றை எழுதிய ஸ்டீஃபன் டாப்ஸின் நூல் 2003-இல் வந்தது. படகுக்காரர்களை மையத்தில் வைத்து இந்த ஆற்றைப் படிக்கக் கற்றுத் தந்தவர்களில் அவர் முக்கியமானவர்.

முதல் சாட்சி ஒரு வரைபடம். லெப்டினன்ட் பிலிப் ஜாக்சன் வரைந்த நகரத் திட்டம் 1828-இல் ஜான் கிராஃபர்டின் பயண நூலோடு அச்சேறியது. ஆற்றின் தென்கரையில் மேற்புறமாக ‘சூலியா கம்போங்’ என்று ஒரு பகுதி அதில் தெளிவாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. தமிழர்களுக்கு ஆற்றங்கரையில் அதிகாரபூர்வமாக ஓர் இடம் ஒதுக்கப்பட்டதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. ஆனால் இந்த வரைபடத்தின் தெருக்கள் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக ஓடுகின்றன. சதுப்பும் ஓடையும் மேடும் பள்ளமுமாகக் கிடந்த நிலத்தில் அப்படி ஒரு ஊர் அன்றைக்கு இல்லை. துறைமுகத்தை நிறுவிய ராஃபிள்ஸ் விரும்பிய ஊரைத்தான் ஜாக்சன் வரைந்தார். ஆகவே தமிழர் எங்கே இருக்க வேண்டும் என்று ஆட்சி நினைத்தது என்பதற்கு இது முதல்தரச் சாட்சி. அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு இதில் எதுவும் கிடைக்காது. உண்மையில் அவர்கள் ஊன்றிய இடங்கள் வேறு. 1826-இல் எழுந்த பெரிய பள்ளி என்னும் மசூதியும், 1827-இல் நாராயண பிள்ளை தொடங்கிய மாரியம்மன் கோயிலும் சவுத் பிரிட்ஜ் சாலையில் அருகருகே இன்றும் நிற்கின்றன. தெலுக் ஆயரில் அதே காலத்தில் நாகூர் தர்கா எழுந்தது. ஒதுக்கிய இடத்தைவிட, அவர்கள் தாமே கட்டிக்கொண்ட இடங்களே நிலைத்தன.

இரண்டாவதாக நீர்வண்ண ஓவியங்கள். வணிகரான சார்ல்ஸ் டைஸ் 1842-43 காலத்தில் தீட்டிய தொகுப்பு இன்று சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஒன்று ‘மங்கி பிரிட்ஜ்’ என்று அன்று அழைக்கப்பட்ட மரப்பாலத்திலிருந்து ஆற்றைப் பார்ப்பது. இன்று எல்ஜின் பாலம் நிற்கும் இடம் அது. டைஸ் நின்ற இடம்தான் இந்த ஓவியத்தின் பெருமை. மலையுச்சியில் ஏறி நின்று ஊரை ஆளுபவரின் பார்வையில் பார்க்காமல், நடந்துபோகிறவர்களின் மட்டத்தில் நின்று படகுகளைப் பார்க்கிறார். ஆற்றின் அகலம், கரைகளின் நெருக்கம், படகுகளின் அளவு ஆகியவை மனித உடலோடு ஒப்பிட்டு உணரும்படி இருக்கின்றன. ஆற்றை வேலைநடக்கும் இடமாகக் காட்டும் படங்களில் இதற்கு முதல் வரிசையில் இடம் உண்டு. குறையும் உண்டு. டைஸ் வேகமாகத் தீட்டுபவர். உருவங்கள் சில தூரிகை வீச்சுகளாகவே நிற்கின்றன. உடை தெரிகிறது, வேலை தெரிகிறது, ஆள் தெரியவில்லை.

அடுத்து ஜான் டர்ன்புல் தாம்சன். 1841 முதல் 1853 வரை அரசாங்க நில அளவையாளராக இருந்தவர். 1851-இல் முடிந்த ஹோர்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தை வடிவமைத்தவரும் அவரே. அதே 1851-இல் அவர் தீட்டிய எஸ்பிளனேட் ஓவியத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இன்று பாடாங் எனப்படும் திடலின் கடலோர மூலையில் நின்று வரைந்தது. முன்புறத்தில் மாலைக் காற்று வாங்க வந்த கூட்டம். குதிரையில் ஐரோப்பியர், வண்டிகள், அவர்களோடு மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகியோர் தத்தம் உடையில் நிற்கிறார்கள். பின்னணியில் கூர்ங்கோபுரத்தோடு பழைய செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். அந்தக் கோபுரத்தை வடிவமைத்தவரும் தாம்சன்தான். இடி விழுந்து பழுதான அந்தக் கட்டடம் 1855-இல் இடிக்கப்பட்டது. ஆகவே இந்த ஓவியம் மறைந்துபோன ஒரு கட்டடத்தை, அதன் கோபுரத்தை வடிவமைத்தவரின் கண்ணாலேயே காட்டுகிறது. அளவெடுத்துப் பழகிய கை அது. கட்டட விகிதத்தில் அவரைப் பெரிதும் நம்பலாம்.

மனிதர்களில் எந்த அளவுக்கு நம்பலாம்? இங்கே எச்சரிக்கை தேவை. ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு மாதிரி உருவம் வைப்பது அன்றைய ஐரோப்பிய ஓவிய மரபு. தாம்சனும் அதைக் கைவிடவில்லை. அவருடைய இந்தியர் ஒரு தனி மனிதராக இல்லை. ஓர் இனத்தின் பிரதிநிதியாக நிற்கிறார். இருந்தும் ஒரு வேறுபாடு முக்கியம். தாம்சன் மலாய் மொழி அறிந்தவர், முன்ஷி அப்துல்லாவின் சுயசரிதையில் சில பகுதிகளை மொழிபெயர்த்து 1874-இல் வெளியிட்டவர், தம் அனுபவங்களைத் தனி நூலாகவும் எழுதியவர். ஊர் மக்களோடு வேலை செய்தவர். அந்தப் பழக்கம் ஓவியத்தில் தெரிகிறது. நகரத்தின் வெளி எல்லோருக்கும் உரியதாக இருந்தது, அதில் இந்தியரும் கண்ணில் படும் அளவுக்கு நின்றனர் என்ற ஒன்றையாவது அவரிடமிருந்து உறுதியாக எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது சாட்சி கேமரா. 1844-இல் பிரெஞ்சு சுங்க அதிகாரி ஜூல் இட்டியே, சீனாவுக்குச் சென்ற வணிகத் தூதுக்குழுவோடு வந்தபோது கவர்ன்மென்ட் ஹில்லின் மேலிருந்து போட் கீயையும் ஆற்றையும் டாகெரோடைப் முறையில் பதிவு செய்தார். எஞ்சியிருக்கும் சிங்கப்பூர்ப் புகைப்படங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று அது. அதனால் அதற்குத் தனி மரியாதை. கையால் வரைந்ததைக் கேமரா திருத்திவிட்டது, இனி உண்மையே கிடைக்கும் என்று எண்ணத் தோன்றும். இந்த எண்ணம்தான் ஆராயப்பட வேண்டியது.

அந்தக் காலத்து டாகெரோடைப் தகடு ஒளியைப் பிடிக்கப் பல விநாடிகள், சில வேளை அதற்கும் மேல் திறந்திருக்க வேண்டும். அந்த நேரம் முழுவதும் அசையாமல் நின்றது மட்டுமே பதியும். கிடங்கு நின்றது, பதிந்தது. சுவர் நின்றது, பதிந்தது. மூட்டை சுமந்து நடந்தவன் நிற்கவில்லை. அவன் தகட்டில் இல்லை. துடுப்பு போட்டவனும் இல்லை. அதோடு டாகெரோடைப் இயல்பிலேயே கண்ணாடிப் பிம்பம், இடது வலதாகும். திருப்பாமல் அச்சிட்டால் ஆறு எதிர்ப்பக்கம் வளையும். இவையெல்லாம் இட்டியேயின் பிழைகள் அல்ல, கருவியின் இயல்பு. ஆனால் பலன் என்ன? சிங்கப்பூரிலேயே பரபரப்பான கரை, வேலையற்ற ஊர்போல அமைதியாகத் தெரிகிறது. கிடங்குகளுக்கும் கூரைகளுக்கும் இது அசைக்க முடியாத சாட்சி. உழைப்புக்கு இது சாட்சியே அல்ல. இந்த ஒரு விஷயத்தில், துல்லியம் குறைந்த டைஸின் தூரிகை துல்லியம் மிகுந்த இட்டியேயின் தகட்டை வெல்கிறது.

நான்காவது, பெர்சி கார்பெண்டர் 1856-இல் மவுன்ட் வாலிச் குன்றிலிருந்து தீட்டிய அகலக் காட்சி. தேசிய அருங்காட்சியகத்தின் பெருமைக்குரிய ஓவியங்களில் ஒன்று. குன்று, கடல், கப்பல்கள், நடுவே விரிந்த நகரம்: பார்க்கப் பார்க்கத் தெவிட்டாது. நிலவியலுக்கு இதைவிடப் பயனுள்ள படம் குறைவு. காரணம், அவர் நின்ற குன்றே இன்று இல்லை. 1880-களையொட்டித் தெலுக் ஆயர் குடாவைத் தூர்த்தபோது மவுன்ட் வாலிச்சை வெட்டிய மண் அங்கே கொட்டப்பட்டது. ஓவியர் நின்ற மேடு அவர் பார்த்த கடலுக்குள் போய்விட்டது. கடலோரம் கட்டிய நாகூர் தர்காவைக் கடலிலிருந்து இத்தனை தூரம் தள்ளிவைத்ததும் அந்தத் தூர்ப்புதான். ஓவியத்தோடு இன்றைய தெருவை ஒப்பிட்டால்தான், கடல் கடந்து வந்திறங்கியவர்கள் கரையேறிய இடத்திலேயே நாகூர் ஆண்டவரை நினைத்தார்கள் என்பது புரியும்.

ஆனால் சாட்சி என்ற அளவில் கார்பெண்டர் என்னைத் திருப்திப்படுத்தவில்லை. உயரத்திலிருந்து பார்க்கும் அகலக் காட்சி துறைமுகத்தை ஒரு சாதனையாகக் காட்டுகிறது; அதன் செலவை யார் கொடுத்தார்கள் என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. இந்தப் படங்களில் எல்லாம் நகரம் வெள்ளையாகப் பளிச்சிடுகிறது. அந்த வெண்மை சுண்ணாம்பு. இன்றைய லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையோரம் செங்கல் சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்தன. அந்தப் பகுதியைத் தமிழர்கள் சுண்ணாம்புக் கம்பம் என்றே அழைத்தார்கள்; வீரமாகாளியம்மன் கோயிலுக்கும் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்ற பெயர் உண்டு. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் 1825 முதல் 1873 வரை இந்த ஊரின் சாலைகளையும் பொதுக் கட்டடங்களையும் எழுப்பினார்கள். தமிழர் மட்டுமல்ல, வங்காளம், பம்பாய் மாகாணங்களிலிருந்து வந்தவர்களும் அவர்களில் இருந்தனர். அவர்கள் சுட்ட செங்கல் 1867-இல் ஆக்ரா கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் பெற்றது.

அந்தக் கைதிகளின் மேற்பார்வையாளராக இருந்த மெக்நேர், பெய்லிஸ் என்பவரோடு சேர்ந்து 1899-இல் எழுதிய நூல், இன்று நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தின் உட்சுவருக்குப் பூசிய கலவையை விவரிக்கிறது. மணல் சேர்க்காத சிப்பிச் சுண்ணாம்பு. அதோடு முட்டை வெள்ளைக்கருவும் கரட்டுச் சர்க்கரையும் அடித்துக் குழைத்த பசை. தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். பூசி உலர்ந்த பின் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். சென்னைச் சுண்ணாம்பு என்று பெயர்பெற்ற நம்மூர்க் கொத்தனாரின் கைவேலை அது. ஆற்றையும் நகரையும் காட்டும் எந்த அகலக் காட்சியும் இதைச் சொல்லாது. சுவரின் நிறம் படத்தில் இருக்கிறது. நிறத்தைத் தந்த கை ஒரு நூலின் பக்கங்களில்தான் இருக்கிறது. படத்தை எழுத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

ஐந்தாவது, புகைப்பட நிலையங்களின் காலம். சாக்ட்லர் நிறுவனத்தின் 1863 தொகுப்பு தேசிய நூலகத்தில் இருக்கிறது. ‘வியூஸ் அண்ட் டைப்ஸ் ஆஃப் சிங்கப்பூர்’ என்பது தலைப்பு: ஒரு பக்கம் இடங்கள், மறுபக்கம் மனித வகைகள். 1867-இல் டிரெஸ்டனைச் சேர்ந்த குஸ்தாவ் லாம்பர்ட் தம் நிலையத்தைத் திறந்தார். பின்னர் நெடுங்காலம் சிங்கப்பூரைப் பார்க்க உலகம் நம்பியது லாம்பர்ட் நிறுவனத்தின் கண்ணைத்தான். ஊருக்கு வந்துபோன பயணிகள் வாங்கிச் சென்ற ஆல்பங்களுக்கும் பிறகு வந்த அஞ்சலட்டைகளுக்கும் அந்தப் படங்களே ஊற்று. படத்தொழிலில் அவர்கள் தேர்ந்தவர்கள். துவாக்காவ் படகின் முகப்பில் தீட்டிய கண்வரை தெரியும். ஆற்றின் நெரிசலை அவர்களைப்போல் யாரும் காட்டவில்லை.

இங்கேதான் நம் வழக்கின் முடிச்சு இருக்கிறது. புகைப்படம் மலிவாகி, வேகமாகி, ஆல்பங்களாகப் பெருகத் தொடங்கியது 1860-களில். தமிழ்ப் படகுக்காரர்கள் ஆற்றை விட்டு விலகத் தொடங்கியதும் அதே காலத்தில்தான். கைதிகள் முகாம் மூடப்பட்டது 1873-இல். ஆக, தமிழ் உழைப்பின் இரண்டு பெரும் பிரிவுகளும் கேமராவின் பெருவரவுக்கு முன்னாலோ, அது தொடங்கும்போதோ மேடையை விட்டு இறங்கிவிட்டன. வேண்டுமென்று யாரும் அவர்களை வெட்டியெறியவில்லை. காலக்கணக்கே அவர்களை நீக்கிவிட்டது. அந்தக் காலக்கணக்கை அறியாமல் லாம்பர்ட் காலத்துப் படத்தைப் ‘பழைய சிங்கப்பூர்’ என்று மாட்டிவைக்கும்போது, நீக்கத்தை நாம் உறுதிப்படுத்துகிறோம்.

இதன் விளைவை இன்றைய ஆற்றங்கரையில் காணலாம். ஆசிய நாகரிக அருங்காட்சியகத்துக்கு அருகே ‘செட்டியார்கள் முதல் நிதியாளர்கள் வரை’ என்ற பொருளில் பெயரிட்ட சிலைத்தொகுதி இருக்கிறது. மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் இருபதாம் நூற்றாண்டிலும் தொழில் நடத்திய நகரத்தார் கேமராவின் காலம் முழுவதும் ஊரில் இருந்தவர்கள், படங்களில் நிலைத்தவர்கள், சிலையாகவும் ஆனார்கள். அது நியாயமே. 2019-இல் இருநூறாம் ஆண்டு நினைவையொட்டி ராஃபிள்ஸ் இறங்குதுறைச் சிலைக்குப் பக்கத்தில் நாராயண பிள்ளையும் முன்ஷி அப்துல்லாவும் உட்பட நால்வர் சிலைகள் நிறுத்தப்பட்டன. அதுவும் நல்ல காரியம். ‘ரிவர் மெர்ச்சன்ட்ஸ்’ சிலைத்தொகுதியில் மாட்டுவண்டியில் சரக்கேற்றும் இந்தியக் கூலியாளும் இருக்கிறார். அதை மறுக்கக் கூடாது. ஆனால் கூட்டிப் பார்த்தால் தமிழருக்குக் கிடைத்திருப்பது பணம் கொடுத்தவரின் இடமும், கோயில் கட்டியவரின் இடமும், கரையில் வண்டியேற்றியவரின் இடமும். தண்ணீரின் மேல் தொங்கான் தள்ளியவருக்கு இடமில்லை.

இதற்கு வரக்கூடிய மறுப்புகள் மூன்று. ஒன்று, தமிழர் எண்ணிக்கை சிறிது என்பது. 1824 கணக்கெடுப்பில் 10,683 பேரில் இந்தியர் 756 பேர்தான். உண்மை. ஆனால் துறைமுகத்தில் ஒரு சமூகத்தின் எடையைத் தலைக்கணக்கு மட்டும் காட்டாது. கப்பலுக்கும் கிடங்குக்கும் நடுவிலிருந்த அந்த ஒரு தொழில் நின்றால் துறைமுகமே நின்றுவிடும். இரண்டு, ஓவியம் கற்பனை, புகைப்படம் உண்மை என்பது. கருவியின் இயல்பைப் பார்த்தோம். இரண்டிலும் விடுபடல் உண்டு, விடுபடும் பொருள்தான் வேறு. மூன்று, அன்றைய கலைஞரிடம் இன்றைய நீதியைக் கேட்கலாமா என்பது. கேட்க வேண்டாம். இட்டியேயும் கார்பெண்டரும் தங்கள் வேலையைச் செய்தார்கள். கேள்வி அவர்களுக்கானது அல்ல. அவர்கள் படங்களை இன்று அச்சிட்டு, மாட்டி, பாடம் நடத்துகிற நமக்கானது.

இனி தீர்ப்பு. ஆட்சியின் எண்ணத்துக்கு ஜாக்சனும், கட்டடங்களுக்கு இட்டியேயும், நிலத்தின் வடிவுக்குக் கார்பெண்டரும், 1860-களுக்குப் பிந்தைய ஆற்று வாழ்வுக்கு லாம்பர்ட்டும் நம்பத்தக்கவர்கள். ஆற்றின் முதல் ஐம்பது ஆண்டுகளின் மனிதர்களுக்கு இவர்களில் யாரும் போதாது. அந்த இடத்தில் டைஸும் தாம்சனுமே மேலானவர்கள்; அவர்களும் பாதிச் சாட்சிகள்தான். மீதிப் பாதியை மெக்நேரின் நூலிலும் அப்துல்லாவின் சுயசரிதையிலும், பெரிய பள்ளி, மாரியம்மன் கோயில், நாகூர் தர்கா ஆகியவற்றின் சுவர்களிலும் தேடியெடுக்க வேண்டும். மிக அதிகமாக அச்சிடப்படும் லாம்பர்ட் பாணிப் படமே ஆற்றின் முழுக் கதை என்ற தகுதியை இழக்கிறது. அது ஒரு காலகட்டத்தின் நல்ல ஆவணம். அதற்கு மேல் இல்லை.

இந்தத் தீர்ப்பை நடைமுறையாக்குவது கடினமல்ல. அருங்காட்சியகமானாலும் பாடநூலானாலும் ஆற்றுப் படம் எதற்கும் கீழே ஆண்டு இருக்க வேண்டும். அந்த ஆண்டில் ஆற்றில் யார் வேலை செய்தார்கள் என்ற ஒரு வரியும் இருக்க வேண்டும். துவாக்காவ் படத்தை மாட்டும் இடத்தில் டைஸின் பாலக் காட்சியையும் பக்கத்தில் மாட்ட வேண்டும். கேம்பல் லேனில் 2015 முதல் இயங்கும் இந்திய மரபுடைமை நிலையம் சுண்ணாம்புக் கம்பத்தையும் சூலியா கம்போங்கையும் ஒரே சுவரில் இணைத்துக் காட்ட முடியும். சுண்ணாம்புக் கம்பத்தின் காளவாயும் போட் கீயின் தொங்கானும் ஒரே துறைமுகத்தைக் கட்டிய இரண்டு கைகள் என்று நம் பிள்ளைகளுக்கு அப்போது விளங்கும். ஆற்றங்கரையில் தொங்கான்காரனுக்கும் ஒரு சிலை வைக்க வேண்டும். முகம் தெரியாதவனுக்கு எப்படிச் சிலை வைப்பது என்ற தயக்கம் வேண்டாம். அவன் செய்த வேலை தெரியும், செய்த இடம் தெரியும், செய்த காலம் தெரியும். ஒரு நகரம் தன் கடனை ஒப்புக்கொள்ள அவை போதும்.